படத்துக்குக் கட்டிய கரை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எங்கே சின்ன 'ர' வரும், எங்கே பெரிய 'ற' வரும் என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாமே என்று கேட்டால், நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

வெளியே மழை பிடித்திருக்கிறது. உள்ளே தூளியில் என் பேத்தி தூங்குகிறாள். உடம்பு சுடுகிறது. டாக்டர் பார்த்துவிட்டுச் சாதாரணக் காய்ச்சல்தான் என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் குழந்தைக்கு ஒவ்வொரு முறை உடம்பு சுடும்போதும் எனக்கு அந்தக் கரை ஞாபகம் வருகிறது.

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம், ஒலக்கூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. அந்தக் கரட்டில் பெய்யும் மழை ஓர் ஓடை வழியாக இறங்கி ஏரிக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை தவிர மற்ற நாட்களில் ஓடையில் மணல்தான். ஆடு படுத்திருக்கும். என் வீடு அந்த ஓடையின் ஓரத்தில் ஒரு சின்ன மேட்டில் இருக்கிறது. மண் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். வீட்டுக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓடை குறுகலாகும்.

போன சித்திரையில் அந்தக் குறுகலைப் பார்க்கத்தான் படம் எடுப்பவர்கள் வந்தார்கள். டைரக்டர் சின்ன வயசுத் தம்பி. விழுப்புரத்தில் லாட்ஜில் தங்கிக்கொண்டு தினமும் வேனில் வந்தார். ஏதோ ஒரு பாலைவன நாட்டில் அந்தக் காலத்து ஜனங்கள் எப்படி அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, பயிர் வைத்தார்கள் என்பதைப் பற்றிய சின்னப் படமாம். அரை மணி நேரம்கூட ஓடாதாம். பாலைவனத்தை எல்லாம் எடுத்துவிட்டார்களாம். ஜனங்கள் கையால் மண் போட்டுக் கட்டுவதுதான் பாக்கி. அதற்காகத் திரும்ப அவ்வளவு தூரம் போக முடியாது. எங்கள் ஓடையில் சீமைக் கருவேலத்தை வெட்டிவிட்டால் பாலைவனம்தான் என்றார்.

"மூஞ்சி வேணாம்ணா. கையும் காலும் மட்டும் போதும்."

எனக்கு அதைக் கேட்டுப் பெரிய நிம்மதி. என் மனைவியின் தம்பி, என் மச்சான், அவன் வாய் சும்மா இருக்காது. "நம்ம மூஞ்சியப் பாத்துட்டு வேணாம்னு நேராச் சொன்ன மொத ஆளு நீங்கதான் தம்பி" என்றான்.

ஊரில் வேலை இல்லாத நேரம். பஞ்சாயத்தில் சொல்லிவிட்டு ஆணும் பெண்ணுமாகப் போனோம். அவர்களுக்கு வேண்டியது கேமராவுக்குத் தெரிகிற பக்கம் மட்டும். முன்னால் மண்ணைக் குவித்தால் போதும். ஆனால் எங்களுக்கு அப்படிக் கட்டத் தெரியவில்லை. மண்வெட்டியைக் கையில் கொடுத்துக் கரை கட்டு என்றால் கை தன்னால் கரைதான் கட்டும். என் வீட்டுக்கு முன்னால் ஓடையில் களிமண் இருக்கும் இடமாகப் பார்த்து ஆளுயரப் பள்ளங்கள் தோண்டினோம். அந்தக் களியை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, தோளில் தோள் கோத்து வரிசையாக நின்று மிதித்தோம். ஒரு வரிசை இறுகிய பிறகுதான் அடுத்த வரிசை.

"அண்ணா, பின்பக்கம் வேணாம்ணா, தெரியாது" என்று டைரக்டர் தம்பி கெஞ்சினார்.

"முதுகு இல்லாத மனுசன் இருக்கானா தம்பி? நீங்க பாட்டுக்குப் படம் பிடிங்க, நாங்க பாட்டுக்குக் கட்டிக்கினு இருக்கோம்" என்றான் மச்சான். "ஆமா, தண்ணி ரொம்பினா போறதுக்கு ஒரு ஓரமா வழி உடணுமே, எங்க உடறது?"

"பாலைவனம்ணா. தண்ணியே வராது. அதெல்லாம் படத்துல அசிங்கமாத் தெரியும்."

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு விட்டுவிட்டான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. யாருக்கும் தண்ணீர் ஞாபகம் வரவில்லை.

ஒருநாள் பாண்டிச்சேரி பீச்சில் சவாரி போகும் ஒட்டகம் ஒன்றை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து வீட்டில் இருந்தாள், நிறைமாதம். ஒட்டகத்தைப் பார்க்க வாசலுக்கு வந்தவளை மச்சான், "உள்ள போ பாப்பா, அதப் பாத்தியான்னா புள்ளைக்குக் கழுத்து நீட்டா பொறந்துடும்" என்று துரத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் திக்கென்றது. நான் அப்படிப்பட்டவன். விளையாட்டுக்குச் சொன்னாலும் பயப்படுவேன்.

கரை முடிந்த அன்று டைரக்டர் தம்பி, "இங்க ஏரிக்கரை கட்டினா சாமி கும்பிடுவீங்களா? அதையும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்க, கையை மட்டும் எடுத்துக்கறோம்" என்று கேட்டார். படம் முடிந்து கலைக்கப் போகிற கரைக்குப் படையல் போடலாமா என்று அப்போதுகூட யாரும் யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரிக்கு வளையல் போட்ட கை அழகாக இருக்கிறது என்று அவளையே உட்கார வைத்தார்கள். அவள் விளையாட்டாக ஒன்றும் செய்ய மாட்டாள். குளித்து, தலை முழுகி, பொங்கல் வைத்து, வாழை இலையில் படையல் போட்டு, கரைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். "தாயே, ஒடையாம நில்லு" என்று வேண்டிக்கொண்டாள். நாங்களும் விழுந்து கும்பிட்டோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. படையல் போட்டுவிட்டால் கரைக்கு உயிர் வந்துவிடும். அதன் பிறகு அதை எலி தோண்டினால்கூட விடமாட்டோம், ஓடிப்போய் அடைப்போம். உயிர் வந்த கரையைத் தெரிந்தே வெட்டியவன் வீட்டில் குழந்தை தங்காது என்பார்கள். இது சரியா தவறா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது, எலும்பில் இறங்கியிருக்கிறது.

படம் முடிந்ததும் கரையைக் கலைத்துவிடுவதாகப் பேச்சு. இன்னும் ஒரு காட்சி பாக்கி இருக்கிறது, வைகாசி கடைசி வரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குள் என் மகளுக்கு வலி எடுத்தது. திண்டிவனத்தில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை எடுத்தார்கள். வீட்டுக்கு அழைத்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தையல் காயவில்லை. எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

அன்று விடியும்போதே வானம் கறுத்திருந்தது. மகளுக்கு மாத்திரை தீர்ந்துபோனதால் நான் திண்டிவனம் போனேன். மருந்துக் கடையில் நிற்கும்போது கொட்ட ஆரம்பித்தது. கோடை மழைதானே, அரை மணியில் விட்டுவிடும் என்று பஸ் ஸ்டாண்டில் ஒதுங்கினேன். விடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். என் பக்கத்தில் நின்ற ஒருவர், "ஊட்டுக்குள்ள தண்ணி வந்துடுமோ?" என்று யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் எனக்குக் கரை ஞாபகம் வந்தது. தண்ணீர் போவதற்கு வழி விடாத கரை. அதற்கு மேலே என் வீடு.

வீட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மாத்திரைக் கவரைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். டிரைவரிடம் ஜல்தியாகப் போகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரவில்லை.

இறங்கி ஓடையை நோக்கி ஓடினேன். மழை விட்டிருந்தது. மத்தியானம்தான், ஆனால் பொழுது சாய்ந்தது போல இருட்டு. கரை மேல் பாதி ஊர் நின்றது. திருவிழாக் கூட்டம் போல ஒரே சிரிப்பும் பேச்சும்.

"நம்ம கரையப் பாத்தியா, ஒரு சொட்டு கசியல!"

"படத்துக்குக் கட்னதே இப்டின்னா நெசமாக் கட்னா எப்டி இருக்கும்!"

கரைக்கு அந்தப் பக்கம் ஓடையே இல்லை. செந்தண்ணீர் பரந்து கிடந்தது. என் வீடு அதற்கு நடுவில் இருந்தது. மேடு மூழ்கிவிட்டது. வாசற்படி மூழ்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் கரட்டிலிருந்து வெள்ளம் இரைச்சலோடு இறங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கமும் போக வழி இல்லை. வாசலில் என் வீட்டுக்காரி இடுப்பளவு தண்ணீரில் நின்று சேலையை வீசிக் காட்டினாள்.

நான் தண்ணீரில் இறங்கினேன். மச்சான் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. உடம்பெல்லாம் சேறு.

"எங்க போற மாமா? நான் போய்த்தான் பள்ளத்துல உழுந்து எழுந்து வர்றேன். நாம தோண்டனது எது எங்க இருக்குதுன்னே தெரில. ஆள முழுங்குது."

களிமண்ணுக்காகத் தோண்டிய பள்ளங்கள் எல்லாம் வீட்டுக்கு முன்னாலேயே தண்ணீருக்கு அடியில் இருந்தன. நீச்சல் தெரிந்த ஒருவன் தனியாகத் தப்பி வரலாம். தையல் காயாத பெண்ணையும் பச்சைக் குழந்தையையும் எப்படித் தூக்கி வருவது?

"பாப்பா எங்க?"

"கட்டில் மேல பெஞ்சப் போட்டு அதும்மேல உக்கார வெச்சிக்கினு இருக்குது அக்கா. செவுரு ஊறிக்கினு இருக்குது மாமா. அதான் பேஜாரு."

மண் சுவர் ஊறினால் சொல்லாமல் உட்காரும். மேலே சிமெண்ட் ஷீட். நான் கரையைப் பார்த்தேன். மச்சானும் கரையைத்தான் பார்த்தான். இரண்டு பேரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன். "வெட்டணும்."

சத்தமாகச் சொன்னேனோ மெதுவாகச் சொன்னேனோ, கரை மேல் பேச்சு நின்றுவிட்டது. கரைக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர் முன்னால் வந்தார். பிடுங்கிய மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, செடியோடு அங்கே குவித்து வைத்திருந்தார்.

"வெட்டனா என் மல்லாட்ட பூரா போய்டும். அத உடு, நான் வாரிக்கறேன். படையல் போட்ட கரைடா இது. உன் பொண்டாட்டி கையாலதான் போட்டா. நீ வெட்டுவியா? அதுவும் ஊட்ல பச்சப் புள்ளைய வெச்சிக்கினு?"

ஒரு பெண், "இது சினிமாக் கரைதானே, இதுக்கு இன்னா உயிரு?" என்றாள்.

"அப்டின்னா நீயே வந்து வெட்டு" என்றார் அவர். அந்தப் பெண் பின்னால் போய்விட்டாள்.

அந்த நேரத்தில் மச்சான் டைரக்டர் தம்பிக்குப் போன் போட்டான். கட்டச் சொன்னவர் அவர், அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பழி அவரோடு போகும் என்று நினைத்தான் போலிருக்கிறது. போனை என் காதில் வைத்தான்.

"அண்ணா, தண்ணி நிக்குதா? நெஜமாவா? ஒடைக்காதீங்கண்ணா! விக்கிரவாண்டி டோல்கேட்டுல நிக்கறோம், கேமராவோட வந்துடறோம். பாலைவனத்துல அணை நெறஞ்ச மாதிரி ஷாட் கெடைக்கவே கெடைக்காதுண்ணா. கொஞ்ச நேரம் தாங்குமா?"

என் வீடு அங்கே இருக்கிறது, குழந்தை இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மச்சான் போனைப் பிடுங்கி, "யோவ், உள்ள ஆளு இருக்குதுய்யா!" என்று கத்தினான். அப்புறம் அந்தத் தம்பி பதறிப்போய், "ஐயோ, ஒடைச்சிடுங்க, ஒடைச்சிடுங்கண்ணா" என்றது எனக்கே கேட்டது. நல்ல பிள்ளைதான். ஆனால் அவர் சொன்னது யாருக்கும் போதவில்லை. அவர் படையல் போடவில்லையே. எல்லோரும் நின்றபடியே நின்றார்கள்.

வீட்டின் பக்கம் பொத்தென்று ஒரு சத்தம். சமையல் பக்கத்துச் சுவர் தண்ணீருக்குள் உட்கார்ந்தது. ஷீட் ஒன்று சாய்ந்து தொங்கியது. என் வீட்டுக்காரி உள்ளே ஓடினாள். அவள் திரும்ப வாசலுக்கு வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. வந்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள்.

"இன்னாயா பாத்துக்கினு நிக்கற! வெட்டுயா! நான் போட்ட படையலு, நான் சொல்றேன், வெட்டு! வர்றது எனக்கு வரட்டும்!"

யார் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினேன் என்று ஞாபகம் இல்லை. தெற்குப் பாறையை ஒட்டிப் போய் நின்றேன். கரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மஞ்சள் குங்குமம் வைத்த இடம் மழையில் கரைந்துபோயிருந்தது. எந்த இடம் என்றுகூடத் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது, எங்கே வெட்டினாலும் அந்த இடமாகவே இருக்கலாம்.

முதல் வெட்டு இறங்கவே இல்லை. அவ்வளவு இறுகலாக மிதித்திருந்தோம். இரண்டாவது வெட்டில் களி ஈரமாகப் பிளந்தது. சதையை வெட்டுவது போல இருந்தது. மச்சான் என் இடுப்பில் துண்டைக் கட்டி மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு பாறை மேல் உட்கார்ந்தான். அவன் மண்வெட்டியைத் தொடவில்லை. அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அவனை நான் குறை சொல்லவில்லை. துண்டைப் பிடித்ததே பெரிய காரியம்.

வாய்க்கால் அகலத்துக்கு வெட்டியதும் தண்ணீர் மெதுவாக எட்டிப் பார்த்தது. நூல் போல இறங்கியது. பிறகு கயிறு போல. பிறகு என் காலுக்கு அடியில் இருந்த மண் கொழகொழவென்று நகர்ந்தது. மச்சான் துண்டை இழுத்தான். நான் பாறையில் விழுந்தேன். நான் நின்ற இடம் அப்படியே பெயர்ந்து போனது. அந்த இரைச்சல் இன்றும் காதில் இருக்கிறது. மல்லாட்டைக் குவியலில் பாதியைத்தான் அவர்கள் வாரியிருந்தார்கள். மீதி மிதந்து போனது.

தண்ணீர் இறங்க இறங்க வீட்டுக்கு முன்னால் பள்ளங்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். மகள் பெஞ்சின் மேல் சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். "அப்பா, செவுத்துல சாயாதன்னு அம்மா சொல்லிச்சி" என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தோம். அன்று சாயங்காலமே நாங்கள் படுக்கும் அறையின் சுவரும் விழுந்தது.

டைரக்டர் தம்பி வந்தபோது கரை பாதி இல்லை. என் மகளைப் போய்ப் பார்த்து அழுதார். பிறகு உடைப்பில் தண்ணீர் போவதையும், சேற்றில் ஊன்றியிருந்த என் கைகளையும் எடுத்துக்கொண்டார். என் கைகள் நடுங்குவதை நிறுத்த முடியவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் படம் பிடிப்பதை நிறுத்தியிருப்பார்.

ஆவணியில் விழுப்புரத்தில் ஒரு சின்ன ஹாலில் அந்தப் படத்தைப் போட்டார்கள். எங்களை வேனில் அழைத்துப் போனார்கள். பாலைவனம் வந்தது, ஒட்டகம் வந்தது, எங்கள் கால்கள் வரிசையாக மிதித்தன. என் வீட்டுக்காரியின் வளையல் கை கற்பூரம் காட்டியது. பிறகு வெள்ளம். ஒரு கனமான குரல், எப்போதோ ஒருமுறை வரும் மழையில் அந்த அணை உடைந்தது என்றும், தங்கள் உழைப்பு அழிவதை ஜனங்கள் கண்ணீரோடு பார்த்தார்கள் என்றும் சொன்னது. என் நடுங்கும் கைகளைக் காட்டினார்கள். ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள்.

திரும்பி வரும்போது வேனில் என் வீட்டுக்காரி என் காதருகே சொன்னாள். "பாத்தியா, வெள்ளம்தான் ஒடச்சிச்சுனு அவ்ளோ பேரு முன்னால சொல்லிட்டாங்க. இனிமே நீ அத நெனச்சிக்கினு தூங்காம கெடக்காத."

அவளுக்கு அது ஆறுதல். எனக்கு அன்றிலிருந்துதான் பயம் அதிகமாயிற்று. வெள்ளம் உடைத்ததாக உலகத்துக்குச் சொல்லலாம். கரைக்குத் தெரியாதா யார் வெட்டியது என்று? வெட்டியவன் ஒளிந்துகொண்டான் என்று நினைத்தால், வேறு யாரையாவது தேடிப் போகாதா? வர்றது எனக்கு வரட்டும் என்று கத்தியவள் ஒருத்தி இருக்கிறாள். பால் குடித்துக்கொண்டிருந்தவள் ஒருத்தி இருக்கிறாள்.

புது வீட்டை ஊருக்கு உள்ளே ஷீட் போட்டுக் கட்டியிருக்கிறோம். தண்ணீர் வராத இடம். இருந்தாலும் மழைச் சத்தம் கேட்டால் நான் எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்க்கிறேன். சுவர் காய்ந்திருந்தால் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். இன்று தொட்டபோது சுட்டது.

அதனால் எழுதுகிறேன். படத்தில் சொன்னது தவறு. அந்தக் கரையை வெள்ளம் உடைக்கவில்லை. என் வீட்டுக்காரி சொன்னாள், ஆனால் அவள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றாள். மச்சான் துண்டைத்தான் பிடித்தான். அந்தத் தம்பி வழியில் இருந்தார். தெற்குப் பாறையை ஒட்டி, உயிருள்ள கரை என்று தெரிந்தே, மண்வெட்டியால் வெட்டியது நான் ஒருவன்தான். இன்னொரு முறை அப்படி வந்தாலும் வெட்டுவேன். கணக்குத் தீர்க்க வேண்டும் என்றால் என்னிடம் வரட்டும். இங்கேதான் இருக்கிறேன். குழந்தையிடம் போக வேண்டாம்.

ஐப்பசி ஒன்பதாம் தேதி, தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை.